வெள்ளையாக விட்ட தெரு

மார்ச் பன்னிரண்டு, காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். நாற்பத்தொரு பேர்.

அவைத் தலைவர் அவர்களே, அந்த நாற்பத்தொரு பேரை இழந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, படங்களை மடியில் ஏந்திய தாய்மார்களே, தோண்டித் தோண்டித் தோல் கிழிந்த கைகளே, வணக்கம்!

என்ன ஐயா? "விஷயத்துக்கு வா"வா? வந்துவிட்டேன்.

நிலம் நடுங்குமுன் ஒரு படம், நடுங்கியபின் ஒரு படம். செயற்கைக்கோள் எடுத்த இரண்டையும் பொருத்திப் பார்த்தால், மண் எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று கணினி சொல்லும். அதிகம் நகர்ந்தால் சிவப்பு, கொஞ்சம் என்றால் நீலம். அடையாளமே இல்லாமல் நொறுங்கிய இடத்திலோ படங்கள் பொருந்தாது, எண் வராது. அதை வெள்ளையாக விடுவோம். படங்களைப் பொருத்தும் எங்கள் அறையில் வெள்ளை என்றால் 'தெரியவில்லை'. அறைக்கு வெளியே?

"டேய் அவசரக்குடுக்கை, வெள்ளைன்னா என்னன்னு ஓரத்துல எழுதுடா" என்றார் எங்கள் பிரிவுத் தலைவி.

"படம் பாக்கத் தெரியாதவங்களுக்கா மேடம் அனுப்புறோம்?" என்றேன். பகல் பன்னிரண்டுக்கு மீட்புக் குழுவுக்கு அனுப்பினேன்.

பாலம் உடைந்து, தொலைபேசி செத்துக் கிடந்த வேளை. ரொட்டி கொடுக்க ஆற்றுக்கு இக்கரை வந்திருந்த பேக்கரிக்காரரிடம் மீட்புக் குழுத் தலைவர் என் படத்தைக் காட்டினார்: "உங்க தெரு வெள்ளையா இருக்குண்ணே. ஒண்ணும் ஆகல, பதறாதீங்க."

வண்டிகள் சிவப்புக்கு ஓடின. பிறகு நீலத்துக்கு ஓடின. வெள்ளைக்கு எப்போது போயின? மறுநாள் காலை ஏழரைக்கு! அவர் மனைவிக்கு விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

போன வாரம் பேக்கரிக்காரர் என்னிடம் சொன்னார்: "நான் நிம்மதியா டீ குடிச்சேன், தம்பி. அவ உள்ள கெடக்குறா, நான் டீ குடிச்சிட்டிருக்கேன். மச்சான் கேக்குறான், ஏன்யா ஆத்துல குதிச்சு வரலன்னு. என்ன சொல்ல?"

அண்ணே, அந்த டீயை உங்களைக் குடிக்க வைத்தது நான். வானத்திலிருந்து விரலளவு அசைவைக் கண்டோம் என்று மார்தட்டிய நான்! ஒரு தெருவே விழுந்ததை ஒரு வரியில் எழுதாத நான்!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து.

பொறுத்துக் கேட்டதற்கு நன்றி, வணக்கம். இனிச் செய்யப்போவதைச் சொல்லி இறங்குகிறேன்.

1. இனி என் படத்தில் வெள்ளை இருக்காது. அங்கே கறுப்புக் கோடுகள் போட்டு, "அளக்க முடியவில்லை, முதலில் இங்கே போங்கள்" என்று எழுதுவேன்.

2. எங்கள் தொழில் தெரியாத ஒருவர் படித்துச் சொல்லாமல் எந்தப் படமும் வெளியே போகாது.

3. நாளை பத்து மணிக்கு விசாரணைக் குழுவிடம் இதையே எழுதிக் கையெழுத்திடுவேன். ஒரு நகல் அந்த மச்சானுக்கு. நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.