மணலுக்குள் மகளைத் தேடிய மின்சுருள்

அவையைத் தாங்கி நிற்கும் தலைவர் அபுல் ஹஸன் அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கடலோரத்திலேயே உலை வைக்கும் தாய்மார்களே, ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வந்திருக்கும் பொறியியல் மாணவர்களே! அஸ்ஸலாமு அலைக்கும். தமிழ் உறவுகளே, வணக்கம்.

நான் சப்ரி, உலோகம் தேடும் கருவி செய்த ஸலாஹுதீனின் கூட்டாளி. மேடையேற அவருக்கு மனமில்லை. ஆகவே, அவர் கதையை நான் கதைக்கிறேன்.

சுனாமி வடிந்த மறுநாள், மருதமுனைக் கரையில், ஐந்து வயது மகள் றிபாவைத் தன் கையாலேயே அடக்கினார் அந்த மனிதர். உடலைச் சுற்றக் கபன் துணி கிடைத்ததா? இல்லை! அடையாளத்துக்கு நட மீஸான் கல் கிடைத்ததா? இல்லை! இடிந்த வீட்டின் தூண்கம்பியைத் தலைமாட்டில் அடித்து இறக்கினார். பின்பு குடும்பம் கரையை விட்டு ஊருக்கு உள்ளே குடிபெயர்ந்தது. மணல் கம்பியை மூடியது.

இருபது வருடம் கழித்துக் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. "மகள்ட கப்றையும் கொண்டு போயிரும்" என்றார் மனைவி நிப்லா. அடக்கிய இடத்தை மாற்றலாமா என்று மௌலவியிடம் கேட்டார்கள். கடல் அரிக்கும் இடமென்றால் மாற்றலாம் என்றார். மாற்றலாம், ஆனால் எங்கே தோண்டுவது?

கடையில் வாங்கிய கருவி உப்பு மணலில் வைத்த இடமெல்லாம் கத்தியது. ரேடியோ திருத்தும் ஸலாஹுதீன் தானே ஒன்று செய்தார். முதலில் திரான்சிஸ்டரைத் தேடுசுருளோடு நேரே பிணைத்தார். மின்னோட்டம் போதவில்லை, ஒரு சாணுக்குக் கீழே எதுவும் கேட்கவில்லை. பிறகு இடையில் சிறு மின்மாற்றி வைத்தார். ஒரு பக்கம் நிறையச் சுற்று, மறுபக்கம் கொஞ்சச் சுற்று. அழுத்தம் குறைந்தது, ஓட்டம் பெருகியது, காந்தப்புலம் ஆழம் போனது. அதிர்வெண்ணைக் குறைத்தார், உப்பின் கூச்சல் தணிந்தது. சுற்றினார், சுட்டது; அவிழ்த்தார், அளந்தார், மீண்டும் சுற்றினார்!

பின்வரிசையில் யாரோ 'புதையல்' என்கிறீர்கள். ஓம், ஊரும் அப்படித்தான் கதைத்தது. புதையல்தான் ஐயா! ஒரு தகப்பனின் புதையல்!

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் கருவி முனகியது. தோண்டினார்கள். கம்பி நிமிர்ந்தபடி நின்றது. கீழே றிபா இருந்தாள். ஊர் மையவாடியில் அடக்கத் தூக்கிப் போகையில் நிப்லா அழவில்லை. "பாரமே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாரியில் அந்த இடம் கடலாகிவிட்டது.

செய்தி பரவியது, மணலில் அடக்கிய தங்கள் பிள்ளைகளையும் தேடித் தரச் சொல்லித் தாய்மார் வந்தார்கள். எல்லோரிடமும் ஸலாஹுதீன் ஒரே கேள்விதான் கேட்டார்: "இரும்பு ஏதும் வெச்சீங்களா?" 'இல்லை' என்று எத்தனை பேர் திரும்பிப் போனார்கள்! கல்முனை பாலம்மா மட்டும் சொன்னார்: "புள்ளைட காதில சின்னத் தோடு கிடந்தது தம்பி."

சின்னப் பொன்னுக்கு உயர்ந்த அதிர்வெண் வேண்டும். உயர்த்தினாலோ, உப்பு மணல் கத்துகிறது. இரண்டுக்கும் நடுவே மின்மாற்றியைச் சுற்றுகிறார், இன்றும் சுற்றுகிறார்! தோடு கிடைக்கவில்லை. கடல் பொறுக்குமா? கரை பொறுக்குமா? மாணவர்களே, உங்கள் கணக்கைக் கொண்டு வாருங்கள், உங்கள் கருவியைக் கொண்டு வாருங்கள், இந்த மாரிக்கு முன் வாருங்கள்!

பாலம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவரிடம் விடைபெற எனக்கு வாயில்லை. செவிதந்த உங்களிடம் நன்றி சொல்லி இறங்குகிறேன். வஸ்ஸலாம், வணக்கம்.