பதினொரு முறை அசுத்தம்

விழாத் தலைவராக வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே, பிள்ளைகளின் படிப்புக்காகத் தம் தூக்கத்தைத் தொலைத்த தாய்மார்களே, கறைபட்ட கோட்டைக்கூடக் கழற்ற நேரமின்றிக் கடைசி வரிசையில் நிற்கும் ஆய்வு மாணவர்களே, உங்கள் அனைவரையும் நுண்ணோக்கி அறைக்காரனாகிய நான் பணிந்து வணங்குகிறேன்.

புதிய திரவப் படிகப் பாலிமரைக் கண்டதற்காக நம் பேராசிரியருக்கு இன்று கேடயம். வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். வாழ்த்த வந்த வாய்தான். ஆனால் வயிறு எரிகிறதே, என்ன செய்வேன்?

தாய்மார்களுக்கும் விளங்கச் சொல்கிறேன். சாதாரணப் பொருள் உருகினால் தெளிந்த திரவமாகும். திரவப் படிகமோ உருகிய பின்னும் கலங்கலாய் ஓடும். ஓடும்போதும் அதன் மூலக்கூறுகள் வரிசை குலையாமல் நிற்கும். இன்னும் சூடேற்றினால்தான் தெளியும். ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்து நடுவே பார்த்தால், தெளிந்த திரவம் இருளும். திரவப் படிகமோ வண்ண வண்ணமாய் ஒளிரும்.

ஆனால் எங்கள் கூடத்து வழக்கம் என்ன? தூள் ஓடத் தொடங்கியதும் வெப்பநிலையைக் குறி, விளக்கை அணை, அடுத்தவரைக் கூப்பிடு. உருகுநிலை பார்க்கத் தகடு எதற்கு என்று அதையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

நான்கு வருடம் உழைத்து ஒரு மாணவி தன் பாலிமரைக் கொண்டுவந்தாள். சூடேற்றினேன். கலங்கலாக ஓடியது. அவளுடைய நெறியாளரான நம் பேராசிரியர் எட்டிப் பார்த்து, "கலங்குதுன்னா அழுக்கு. திரும்பச் சுத்தம் பண்ணும்மா" என்றார். கரைத்தாள், மெத்தனாலில் ஊற்றினாள், வடித்தாள், உலர்த்தினாள். மீண்டும் கலங்கல். இப்படி ஒரு முறையா, இரு முறையா? பதினொரு முறை. அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். அவளுக்குக் 'கலங்கல்' என்றே பட்டப்பெயர் வைத்தோம். பதினொரு அறிக்கையிலும் 'அசுத்தம்' என்று எழுதியது இந்தக் கைதான். வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் முறை வந்தவள், "அண்ணே, அந்தத் தகடு ரெண்டையும் போடுங்க. விளக்கை அணைக்காதீங்க" என்றாள்.

"அதான் உருகிடுச்சேம்மா, இன்னும் என்ன இருக்கு பாக்க?"

"உருகினது இருளணும்ல? இருளுதான்னு பாருங்களேன்."

பார்த்தேன். இருளவில்லை. கண்கொள்ளாத வண்ணம். இன்னும் ஐம்பது டிகிரி ஏற்றிய பிறகுதான் இருண்டது. ஆறவிட்டதும் வண்ணம் திரும்ப வந்தது. அழுக்கு என்று நாங்கள் அலசிக் கொட்டச் சொன்னதுதான் அந்தப் பொருளின் அருமை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நான் பன்னிரண்டாம் அறிக்கையைத் தேதியிட்டு எழுதி, பேராசிரியருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்துப் பேராசிரியர் பெயரில் கட்டுரை வந்தது. அதில் அவள் பெயர் எங்கே? தேடினேன், இல்லை. அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துக் கேட்டால், "உன் சாம்பிள் பதினொரு தடவை அசுத்தம்னு ரெக்கார்டு இருக்கே. இன்னொரு வருஷம் செய்" என்கிறார். அதே பாட்டில், அதே தூள். அவள் கையில் இருந்தால் அழுக்கு, இவர் கைக்கு வந்தால் கண்டுபிடிப்பா? இது என்ன நியாயம், ஐயா? தலைவர் அவர்களே, கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள். தெரிகிறது. நாளை மாலை ஐந்து மணியோடு இந்த ஆண்டுக்கு ஆய்வேடு வாங்கும் சன்னல் மூடிவிடும் என்பதும் தெரிகிறது.

இயக்குநர் அவர்களே, நெறியாளர் காரணமின்றி மறுத்தால் நீங்களே கையெழுத்திடலாம் என்று நம் விதி சொல்கிறது. பதினொரு அறிக்கைகளும் தவறு என்று என் கைப்பட எழுதிய கடிதம் இதோ. பன்னிரண்டாம் அறிக்கை இதோ. அவளுடைய ஆய்வேடு இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். நாளை என் வேலை போனால் போகட்டும்.

கேடயம் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதல் பக்கத்தில் இருக்கும் அவள் பெயரை இந்த ஒலிவாங்கியில் உரக்கப் படியுங்கள். அதன் கீழே கையெழுத்திடுங்கள். அதுவரை நான் இந்த இடத்தை விட்டு நகர்வதாக இல்லை. பொறுமையாகக் கேட்ட சபைக்கு என் நன்றி, வணக்கம். இனி பேச வேண்டியவர் தலைவர்.