இணைச்சீருக்கு ஒரு ஊஃபர்

– அதைத் தொடாதீங்க தம்பி. கையை எடுங்க. சொல்றனல்லங்க, எடுங்க.

– சத்தத்தைச் சித்தெ எச்சு வைக்கலாம்னுதானுங்கக்கா. கெயின்னு எழுதியிருக்குது. நீங்க பாதிகூடத் திருப்பலியே.

– ஆம்ப்ளிஃபையர்ல கெயின்ங்கறது சத்தம் வைக்கற திருகு இல்லீங்க. உங்க தோட்டத்துல என்னங்க வெள்ளாமை?

– தென்னைங்க. ஓரமா மஞ்சள் போட்டிருக்கறோம்.

– அப்பச் சுலபமாச் சொல்லிப்போடலாம். உங்க கேசட் டெக்குதான் மோட்டாரு. அது தள்ளற தண்ணியை வாங்கற மடை இந்தத் திருகு. தண்ணிக்குத் தக்கன மடையைத் திறக்கோணும். ஆசைக்குத் திறந்துபோட்டா மஞ்சப் பாத்தி என்னத்துக்காகும்?

– வரப்பு உடைஞ்சுபோயிரும்.

– அதேதானுங்க. இங்க உடையறது ஊஃபரு, ‘டும்’முனு அடிக்கற பெரிய ஸ்பீக்கரு. உள்ள கம்பிச் சுருளு கருகிப்போயி, டிக்கியில பெட்டி மட்டுந்தான் இருக்கும், தேங்காய் போட்டுக்கலாம்.

– ஐயோ, வேண்டாமுங்க. இந்த வெங்கடபதி இனி கையை மடியிலேயே வச்சுக்கறான். நீங்களே வைங்க.

– இப்பக் கேளுங்க. டெக்கை முக்காவாசிக்கு வைங்க. நான் மடையை அடியில இருந்து மெதுவா ஏத்தறேன். டிரம்மு ‘டும்... டும்’முனு உருண்டையா விழுதுங்களா? இன்னுங் கொஞ்சம். இன்னும். ஆங்! கேட்டீங்களா? ‘டும்’மு ‘டர்ர்’ராயிருச்சு.

– எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க கேட்டுது.

– அதுக்குத்தான் இந்தக் கடையில எங்க ஊட்டுக்காரர் ஒயர் இழுக்கறது, காது குடுக்கறது நானு. சர்ச்சுப் பாட்டுல யாரு சுருதி பிசகினாலும் முதல்ல திரும்பிப் பாக்கறவ இந்தக் கிளாடிஸுதான். இப்ப ‘டர்’ போற வரைக்கும் திரும்ப இறக்கறேன். அவ்வளவுதான். இதுக்கு மேல ஆசைப்பட்டா அது பாட்டு இல்லீங்க, இரைச்சல்.

– எனக்கு இரைச்சலே போதுமுங்கக்கா.

– என்னங்க தம்பி இப்படிச் சொல்றீங்க! முன்னால பாருங்க, உங்க டாஷ்போர்டுப் பிள்ளையாரு ஆடறாரு.

– ஆடட்டுமுங்க. அவருக்கும் பொழுது போகோணுமல்ல.

– பின்னால நம்பர் பிளேட்டு வேற தாளம் போடுது. நாலு ரப்பர் வாசர் வச்சு முடுக்கிப்போடறேன்.

– வேண்டாமுங்க, வேண்டாமுங்க! அது அப்படியே இருக்கட்டும். சும்மா வர்ற சத்தத்தை எதுக்குங்க கெடுக்கறது?

– தம்பி, நானும் எத்தனையோ காருக்கு மாட்டிக் குடுத்துட்டேன். நம்பர் பிளேட்டு அதிரோணும்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். யாருக்குங்க இந்தச் சத்தம்? கல்யாண மாப்பிள்ளைங்கறீங்க. பொண்ணு ஊட்டு வாசல்ல போயி நிக்கப் போறீங்களா?

– பொண்ணு பெருந்துறைங்க. அங்க வரைக்கும் கேக்குங்களா?

– கேக்காதுங்க.

– அப்ப அது இல்லை. இங்கதானுங்க, ரெண்டு வீதி தள்ளி. பச்சைக் கேட்டு ஊடு.

– லேத்துப் பட்டறைக்காரர் ஊடா? புவனா ஊடு?

– தெரியுங்களா உங்களுக்கு?

– சிங்காநல்லூர்ல நான் யாரைத் தெரியாதுங்கறது! அவங்க மேல உங்களுக்கு என்னங்க அத்தனை கோவம்?

– கோவமில்லீங்க. அவ என்ற அக்காங்க.

– கூடப்பொறந்த அக்காளா?

– ஒரே வயிறுங்க. காந்திபுரத்துல இல்லாத கடையாங்க? அதையெல்லாம் உட்டுப்போட்டு உங்க கடைக்கு வந்ததே அவ ஊடு பக்கம்னுதான்.

– டெக்கை அணைங்க முதல்ல. அணைச்சுட்டுச் சொல்லுங்க. என்ன நடந்துச்சு?

– பாப்பாளுக்குக் காதுகுத்துங்க. அவ மகளுக்கு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தோணும்? காலையில நல்ல நேரம். நான் அன்னிக்குன்னு பார்த்து டவுன்ல காருக்கு ஸ்பீக்கர் மாட்டக் குடுத்துட்டேன். ‘ஒரு நிமிசம், ஒரு நிமிசம்’னு அந்தாளு ஒயரை மாத்தி மாத்திப் பிடிச்சுட்டு நின்னான். ஓடியாந்து சேர்றதுக்குள்ள பக்கத்தூட்டுப் பொங்கியண்ணன் மடியில வச்சுக் குத்திப்போட்டாங்க.

– அடச் சாமி.

– அவரு மடியில பாப்பா அழுகவேயில்லையாமுங்க. அதுதான் எனக்கு இன்னும் வேகுது.

– சரிங்க, குழந்தை அழுகாம இருந்ததுக்கு யாரு என்ன பண்ண முடியும்? அக்கா என்ன சொன்னாங்க?

– ஒறம்பரை சொந்தபந்தம் அத்தனை பேரும் பந்தியில உக்காந்திருக்கறாங்க. வாசல்ல நின்னுட்டு, ‘எம்மகளுக்குத் தாய்மாமன் கிடையாது, அவன் ஸ்பீக்கருக்குத்தான் தாய்மாமன்’னு சொல்லிப்போட்டா. பந்தி முழுக்கச் சிரிப்பு. ரசம் ஊத்திட்டிருந்தவன்கூடச் சிரிச்சானுங்க.

– ஹ்ஹ... ஹச்!

– நீங்களும் சிரிக்கறீங்க.

– இல்லீங்க தம்பி, தும்மல். அப்பறம்?

– அப்பறம் அவளும் பேசறதில்லை, நானும் பேசறதில்லை. வர்ற வெசாளக்கெழமை எனக்குக் கல்யாணம். இணைச்சீருக்கு மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவதான நிக்கோணும்? அம்மா சித்தப்பா மகளை நிறுத்திக்கலாம்ங்கறாங்க. நல்ல புள்ளைதான். ஆனா சின்னதுல எனக்கு அம்மை போட்டப்ப வேப்பந்தழை வச்சு வீசிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தது அவ இல்லீங்களே. என்ற அக்கா இல்லாத இணைச்சீரு எனக்கெதுக்குங்க?

– பத்திரிகை வைக்கலீங்களா?

– அம்மாளும் அய்யனும் வச்சுட்டு வந்தாங்க. ‘அவன் வாயில கூப்பிடட்டும், வாரேன்’னுட்டாளாம்.

– அப்பக் கூப்பிட்டுப்போட்டா முடிஞ்சுதுங்களே!

– அதெப்படீங்க? பந்தியில சிரிச்சது என்னையப் பாத்து. முதல்ல அவதான் பேசோணும். பேச வைக்கத்தான் இந்தப் பெட்டி. கேட்டு முன்னால வண்டியை நிறுத்தறேன். வைக்கறேன். ஜன்னல் அதிரும், சமையக்கட்டுல பாத்திரம் உருளும். வெளிய வந்து, ‘அடே எருமை, நிறுத்தறா’ம்பா. திட்டினாப் பேசின மாதிரித்தானுங்களே? அவ பேசினதுக்கப்பறம் நான் பேசினா எனக்கொண்ணும் குறைவில்லை. எப்படீங்க ரோசனை?

– பெரிய ரோசனைதானுங்க.

– நல்லா இருக்குதுங்களா?

– பெருசுன்னுதானுங்க சொன்னேன். ஏனுங்க தம்பி, வந்ததுல இருந்து என்னைய வாய் நிறைய அக்கா, அக்காங்கறீங்க. யாருக்கும் குறைஞ்சுபோயிடலை. அதுல ஒண்ணைக் கொண்டுபோயி அந்தக் கேட்டு முன்னால வச்சா ஆகாதா? ஆண்டவன் குடுத்த தொண்டைக்கு ஒயர் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

– உங்களைக் கூப்பிடறது சுலபமுங்க. நீங்க என்னைய எருமைன்னு சொன்னதில்லையே.

– இப்பச் சொல்லோணும் போலத்தான் இருக்குது. சரி, உங்க இஷ்டம். பியூஸைப் பாத்து வச்சுக்கங்க. பானெட்டுக்குள்ள, பேட்டரிக்குப் பக்கத்துல, இந்தக் கண்ணாடிக் குழாய். இது இல்லாட்டி ஆம்ப்ளிஃபையருக்கு உசுரு இல்லை. டெக்கு பாட்டுக்குக் கதவு ஸ்பீக்கர்ல பாடும், ஊஃபர் ஊமை. நான் மாட்டற பியூஸ்ல எல்லாம் பச்சைப் பெயிண்ட்டு ஒரு பொட்டு வைப்பேன், எங்க கடைச் சாமான்ங்கறதுக்கு அடையாளம்.

– பொட்டு வச்ச பியூசு! மங்களகரமா இருக்குதுங்க. கிளம்பட்டுங்களா?

– எலுமிச்சம்பழம் வைக்காமயா? புதுசா ஒண்ணு மாட்டினா சக்கரத்துக்கு வச்சு நசுக்கித்தான எடுப்பீங்க?

– அட ஆமாங்க! நீங்க சொல்றீங்க, எனக்குத் தோணலை பாருங்க.

– உங்க வழக்கத்தை நான் எதுக்குங்க கெடுக்கறது? பஸ் ஸ்டாண்டுக் கடையிலதான் நல்ல பழமா இருக்கும். நடந்தே போயிட்டு வாங்க, அவசரமில்லை. நான் அதுக்குள்ள ஒரு போன் பண்ணோணும்.

*

– பழம் கிடைச்சுதுங்கக்கா. இப்ப ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி சந்துல திரும்புச்சே, கடைக்கு யாராச்சும் வந்தாங்களா?

– வந்தாங்க. சின்னதா ஒரு சாமான் வாங்கிட்டுப் போனாங்க. காசு வாங்கலீங்க.

– உங்களுக்கு இளகின மனசுங்க. சரி, நீங்களும் ஏறுங்க. வீதியில வச்சு அந்த ‘டும்’மு சரியா விழுதான்னு கேட்டுச் சொல்லோணுமல்ல?

– வாரேன். அதைப் பாக்காம எனக்கும் சோறு இறங்காது. இருங்க, எங்க ஊட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன். ஏனுங்க, நான் போயிட்டு வாரேன், நீங்க கடையைச் சாத்திட்டு சர்ச்சுக்குப் போங்க! சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்! தம்பி, பழத்தை வைங்க. மெதுவா எடுங்க. ஆங், நசுங்கிருச்சு. போலாம்.

*

– இதுதானுங்க கேட்டு. நான் கண்ணாடி நாலையும் இறக்கறேன். காதைப் பொத்திக்கங்க. ஒண்ணு, ரெண்டு... என்னங்க இது?

– பாடுதுங்க.

– பாடறதா? கொசு கத்தற மாதிரி இருக்குது! பிள்ளையாரு அசையவே இல்லை! அக்கா, ‘டும்’மு எங்கீங்க? இப்பத்தான கடையில வரப்பு உடையற மாதிரி அடிச்சுது!

– பானெட்டைத் திறங்க, பாக்கறேன்... பியூஸ் இல்லீங்க தம்பி.

– போயிருச்சா! எல்லாம் என்ற கெரகம். சரி, கடையில வேற எடுத்து மாட்டலாம்.

– கடை சாத்தியாச்சுங்க. சாவி எங்க ஊட்டுக்காரர்கிட்ட. அவரு இன்னேரம் பாட்டுப் பயிற்சியில நிப்பாரு. லேத்துப் பட்டறைக்காரர் ஊட்டுல ஒரு பியூஸ் இல்லாமயா இருக்கும்? கேளுங்க.

– ஊஃபர் வேலை செய்யத்தானுங்க பியூசு. அவளைப் பேச வைக்கத்தான் ஊஃபரு. அந்தப் பியூஸை அவகிட்டயே கேக்கச் சொல்றீங்களே!

– கதவு திறக்குதுங்க.

– ஐயோ, வந்துட்டா. நான் அக்கட்டத் திரும்பிக்கறேன். ஏனுங்க கிளாடிஸக்கா! அந்த ஊட்டுல ஒரு பியூஸ் இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க!

– கிளாடிஸக்கா, பியூஸ் வேணும்ங்கறவங்களுக்கு வாய் இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க.

– ரெண்டு பேரும் நிறுத்துங்க சாமி. அவரு இங்க, நீங்க கேட்டுக்கு அந்தப் பக்கம் புவனா, நடுவால நான். நான் என்ன ஆம்ப்ளிஃபையருங்களா, அவரு சொன்னதை வாங்கி உங்ககிட்ட முழங்கறதுக்கு? இனி என்ற வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. ஆண்டவர் மேல பாரத்தைப் போட்டு, இந்தத் திட்டுல உக்காந்துக்கறேன்.

– அக்கா... கிளாடிஸக்கா... ஏனுங்க... எதாச்சும் சொல்லுங்க...

– ...

– ...அக்கா.

– யாரைக் கூப்பிடறதாம்? அந்தத் திட்டுல ஒரு அக்கா, கேட்டுக்குள்ள நான் ஒரு அக்கா.

– உன்னையத்தான்.

– கேக்கலியே. அத்தனை பெரிய பெட்டியை டிக்கியில வச்சுக்கிட்டு இத்தனைதான் சத்தமா?

– எக்கா!

– என்னடா?

– காதுகுத்துக்கு நேரத்துக்கு வராதது என்ற தப்புதான். பொங்கியண்ணனுக்குக்கூட நன்றி சொல்லிப்போடறேன், போ. இணைச்சீருக்கு நீ வந்து நிக்கோணும். சித்தப்பா மகளெல்லாம் எனக்கு வேண்டாம்.

– எருமை. இதைச் சொல்றதுக்கு இத்தனை மாசமாடா உனக்கு? பாப்பா அழுகலைன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, அவ எதுக்கு அழுகலை தெரியுமா? மாமன் வருவான், வருவான்னு வாசலையே பாத்துட்டு இருந்தா. கம்மலை மாட்டினது அவளுக்குத் தெரியவேயில்லை.

– எக்கா...

– கண்ணைத் துடை. மாப்பிள்ளை ஆகப் போறவன் வீதியில நின்னுட்டு... நான் திட்டினதும் தப்புதான்டா. ஸ்பீக்கருக்குத் தாய்மாமன்னு சொல்லியிருக்கக் கூடாது. ஆனா அது நல்லாத்தான இருந்துச்சு?

– நல்லாத்தான் இருந்துச்சு. வாரேன்னு வாயால சொல்லு. இல்லாட்டி நான் நகர மாட்டேன்.

– வாரேன். வராம? உள்ள வா, பாப்பா தூங்கறா, எந்திரிச்சா உன்ற பிள்ளையாரைத்தான் கேப்பா.

– இரு. அவ எந்திரிக்கறப்ப மாமன் வண்டி ‘டும்’முனு அடிக்கோணும். மாமா பட்டறைப் பெட்டியில ஒரு பியூஸ் பாத்துக் குடு.

– அதெதுக்குப் பாக்கறது? இந்தா, புடி.

– இது எங்கிருந்து... எக்கா, இதுல பச்சைப் பொட்டு இருக்குது!

– இருக்கும்டா. நீ எலுமிச்சம்பழத்துக்குப் போனப்ப கிளாடிஸக்கா போன் போட்டாங்க, டிவிஎஸ்ல வந்து என்ற கையாலயே கழட்டிக்கிட்டுப் போனேன். இணைச்சீருக்குப் பட்டுச்சேலை எடுத்து, ஜாக்கெட்டுகூடத் தச்சு வந்துருச்சு, உன்ற பெட்டிச் சத்தத்துல நீ கூப்பிடறது எனக்குக் கேக்காமப் போயிட்டா?