தம்பி பெயரில் ஒரு வரி

காசு கொடுத்து நான் எந்த மென்பொருளையும் வாங்கியதில்லை சார். நிரல் எழுதும் எடிட்டர், யார் எதை மாற்றினார்கள் என்று குறித்து வைக்கும் கிட், எல்லாமே முகம் தெரியாதவர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தவை. லினக்ஸ், விண்டோஸ், மேக், எதில் போட்டாலும் ஓடும். வாங்கிக்கொண்டே இருக்கிறோமே என்ற கூச்சத்தில் நானும் தம்பியும் ஒன்று எழுதிக் கொடுத்தோம். ஒரு கணினியின் கோப்புகளை இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும் சின்னக் கருவி.

விண்டோஸில் மட்டும் ஒரு சிக்கல். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போனால் சில கோப்புகள் ஏறாது. ஏறாததைச் சிவப்பில் காட்டும்படி தம்பி எழுதியிருந்தான். "சும்மா நச்சரிக்குது" என்று பலர் திட்டினார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு தளத்தில், பலருக்கும் பிடித்த கருவிகளின் வரிசையில் எங்களுடையதும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெயர் கெடக் கூடாதென்று, தம்பியிடம் கேட்காமல், ஒரே வரியில் சிவப்பை அணைத்தேன். எது விடுபட்டாலும் 'முடிந்தது' என்று பச்சையில் வரும். திட்டு நின்றது.

ஒரு குழந்தைகள் மருத்துவமனையிலும் அதை வைத்திருந்தார்கள். ஒரு சிறுமிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற கோப்பு வார்டுக் கணினிக்கு வந்து சேரவில்லை. நர்ஸ் பச்சையைப் பார்த்து, எல்லாம் வந்துவிட்டதென்று நம்பி, அந்த மருந்தையே ஊசி போட்டிருக்கிறார்.

சிறுமி இறந்துவிட்டாள் என்று செய்தி வந்ததும் அழுதேன். அழுதுகொண்டே, அந்த வரியை எழுதியவர் பெயரை மாற்றினேன். கிட்டில் பெயரை நாமேதான் நிரப்புகிறோம், அது நம்பிவிடும். எனக்கு இரண்டு பிள்ளைகள், தம்பிக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதை நானாண்ணா எழுதினேன்? ஞாபகமே இல்லையே."

"வேலை மும்முரத்துல எழுதியிருப்படா. மறந்திருப்ப."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் லேப்டாப்பில் பழைய பிரதி என் பெயரோடு அப்படியே இருந்தது. "மெதுவா ஓடுதே, புதுசா லினக்ஸ் போட்டுத் தரேன்" என்று வாங்கி மொத்தத்தையும் துடைத்தேன். தேங்க்ஸ் அண்ணா என்றான். அதற்குப் பிறகு அவன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. "கொன்னுட்டேன்மா" என்று அம்மாவிடம் ஒரே புலம்பல். பெற்ற வயிறு என்ன பாடுபடும்?

நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்து அவன் ஒப்புக்கொண்டான் அல்லவா, வண்டியில் கொண்டுவந்து விட்டதே நான்தான். வீட்டுக்குப் போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நல்லபடியா இருக்கியே" என்றாள். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வரி என்னுடையது. பெயரை மாற்றியவன் நான். அந்தக் குழந்தை செத்தது என்னால். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் சார். அவனிடம் உண்மையைச் சொல்லாதீர்கள். தம்பிக்காக அண்ணன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்றே அவன் நினைத்துக்கொள்ளட்டும்.