இளஞ்சூடு

— அவர ஒரு தடவ எந்திச்சு நடந்து காட்டச் சொல்லு மக்கா. நாலு எட்டு போதும். கண்ணால பாத்தா நெஞ்சு ஆறும். அடுத்த பஸ்ஸுக்கே போயிருவேன்.

— ஆர நடக்கச் சொல்லணும்? நீங்க எங்கயிருந்து வாறீங்கக்கா?

— பூதப்பாண்டி. முத்துக்கனின்னு பேரு. மூணு பஸ்ஸு மாறி வாறேன். நீதானே குளோரி? ஒன் மாப்பிள்ள ஆன்ட்ரூசு, வள்ளம் கவுந்து முதுகெலும்பு ஒடிஞ்சவரு. சிடியில பாத்தேன், பாத்துக்கோ. ஊசி போட்டா நடக்கலாம்னு பெங்களூரு ஆஸ்பத்திரிக்காரன் தந்த சிடி. அவரு கட்டில்ல கெடக்காரு, கால் பெருவெரலு அசையுது, நீ பக்கத்துல நின்னு அழுகிய. ஊரு பேரும் அதுல போட்டிருக்கான். கோயில் பக்கத்துல கேட்டேன், வீட்டக் காட்டித் தந்தாவ.

— காட்டித் தந்தவங்க வேற ஒண்ணும் சொல்லலியா?

— இல்ல. ஒரு மாதிரியாப் பாத்தாவ. நான் வேத்து ஆளுல்லா, அதான்னு நெனச்சேன்.

— உள்ள வாங்கக்கா. செருப்பு கெடக்கட்டும். அந்தச் செவுத்தப் பாருங்க.

— மாதா படம். அதுக்குக் கீழ... மால போட்டிருக்கே மக்கா.

— அவருதான். போன வருசம், ரெண்டாயிரத்துப் பத்து மே மாசம் போனாரு. இந்த மே வந்தா ஒரு வருசம்.

— எனக்குத் தெரியாது மக்கா. தெரிஞ்சிருந்தா நடந்து காட்டச் சொல்லுன்னு வாயில வந்திருக்குமா. என்னத்துல போனாரு? ஊசியாலயா?

— அந்தச் சிடியப் பாத்துட்டு இதுக்கு முந்தி நாலு பேரு வந்தாங்க. நாலு பேருகிட்டயும் காய்ச்சல்ல போனாருன்னு சொல்லி அனுப்பினேன். காய்ச்சலும் பொய்யில்ல. அதுக்கு முந்தினதச் சொல்ல நாக்கு வரல்ல, கேட்டியளா. இரிங்க. ஒங்களுக்கு ஆரு கெடக்கது?

— எம் மவன். தாணு. இருபத்தேழு வயசு. எலெக்ட்ரீசியன் வேல. ஒரு வீட்டு மாடிக்கு பைப்பு போட ஏறினவன், சாரம் சரிஞ்சு மல்லாக்க விழுந்தான். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. நான்தான் பொரட்டிப் போடுகேன், தொடைக்கேன், துணி மாத்துகேன்.

— ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்க பொரட்டணும். நடுச்சாமத்துலயும்.

— ஆமா மக்கா. ஒனக்குத் தெரியும்லா.

— தெரியும். என் தோள்பட்டையே அதுலதான் போச்சு. ஊசி போடணும்னு ஒங்ககிட்டயும் சொல்லுகானுவளா?

— நீ மொதல்ல ஒன் கதையச் சொல்லு. எனக்குக் கேக்கணும்.

— வள்ளம் கரையடுக்க நேரம், பின்னால ஒரு திர வந்து தூக்கிச்சு. இவரு கீழ, வள்ளம் மேல. நெய்யூர் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எல்லாம் பாத்துட்டு டாக்டரு என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. இனி கால் வராதும்மா, சக்கர வண்டியில இருந்து வாழப் படிக்கணும், நாங்க சொல்லித் தாறோம்ன்னாரு. மனசுல ஈரமில்லாத மனுசன்னு நெனச்சேன். இவரு நெனைக்கல்ல. ஒரு வண்டி வாங்கித் தா குளோரி, கரையில இருந்து மீன் ஏலம் கூப்பிடுகேன், தொண்டை நல்லாத்தானே இருக்குன்னாரு. நான்தான் விடல்ல. நொண்டி ஏலம் கூப்பிடுகான்னு ஒருத்தன் சொல்லிரப்படாதேன்னு.

— எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்.

— பொறவுதான் பெங்களூரு. அங்க உள்ள டாக்டரு ஈரமாப் பேசினாரு. இடுப்பெலும்புக்குள்ள இருந்து மஜ்ஜைய எடுப்போம், அதுல ஸ்டெம் செல்லுன்னு ஒண்ணு இருக்கு, வித மாதிரி, பிரிச்செடுத்து முதுகுத்தண்டுல விட்டா நரம்பா மொளைக்கும்ன்னாரு. எத்தன பேருக்கு மொளைச்சுதுன்னு இவரு கேட்டாரு. வெளிநாட்டுல ஊசி போட்ட எலி நடக்குதுன்னு பதிலு.

— எங்களுக்கும் வித கததான் சொன்னான். நாங்க வெவசாயக்காரங்க. விதைக்கதெல்லாம் மொளைச்சிருமா, பதரு, கருக்கான்னு எத்தன போவும், அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா. ஆனாலும் அவன் சொல்லும்போ தலையாட்டிட்டுத்தான் இருந்தேன்.

— நாங்க வெளிய வந்து எலியச் சொல்லிச் சிரிச்சோம். சிரிச்சுட்டே கையெழுத்தும் போட்டோம். வள்ளத்துல இருந்த பங்க வித்து ரூவா கெட்டினோம். அத விடுங்க. ஊசி போட்ட மூணாம் நாளு பெருவெரலு அசைஞ்சுது. நான்தான் மொதல்ல பாத்தேன். நர்சு கேமராவோட ஓடி வந்தா. நீங்க பாத்தது அதான்.

— அப்பம் அசைஞ்சது நெசந்தானே?

— அசைஞ்சது நெசம். அவரு அசைக்கல்ல. பிரிஜான்னு ஒரு பிள்ள பிசியோதெரப்பி பண்ண வீட்டுக்கு வந்துட்டிருந்தா. மூளையில இருந்து சேதி போகாத காலு தன்னால வெட்டி இழுக்கும்க்கா, ஊசி போடாதவங்களுக்கும் இழுக்கும், அறுத்த மீனு கூடையில கெடந்து துடிக்கத நீங்க பாத்ததில்லியான்னா. ஆராய்ச்சி நெசமாவே நடக்குது, ஆனா அது முடியல்ல. நெசமா ஆராய்ச்சி பண்ணுகவன் சீக்காளிகிட்ட ரூவா வாங்கமாட்டான், நடப்பீங்கன்னு சத்தியமும் பண்ணமாட்டான்னா. நாளையில இருந்து நீ வரவேண்டாம் மோளேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— நல்லது சொன்ன பிள்ளையவா?

— கேக்கப் பொறுக்கல்ல. பொறவு நானே தினமும் தொட்டுத் தொட்டுக் கேப்பேன். தெரியுதா? இல்ல. இங்க? இல்ல. ராத்திரி விளக்கணைச்ச பொறவும் ஒரு தடவ கேப்பேன். ஒரு நாளு, எறும்பு ஊருகது மாதிரி இருக்குன்னாரு. தெருவு முழுக்கச் சொன்னேன் கேட்டியளா. அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அதுல இருந்து எங்க தொட்டாலும் தெரியுதுன்னாரு.

— தெரியுதுன்னு சொன்னாரா.

— ஆமா. குளிப்பாட்ட வெந்நி கலக்கினா, முழங்கையில தொட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துவேன். நெய்யூர்ல சொல்லித் தந்தது. அவருக்கே தெரியும்போ நான் எதுக்குப் பாக்கணும்? அவர்கிட்டயே கேக்க ஆரம்பிச்சேன். கேக்கதுல ஒரு சந்தோசம். அன்னைக்கு மவ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிட்டு நிக்கா, ஒரே அவசரம். பச்சத்தண்ணி கலந்தாச்சுன்னு நெனச்சுட்டேன். ஒரு கோப்பை கோரி காலுல ஊத்திட்டு, சூடு எப்பிடி இருக்குன்னு கேட்டேன். இளஞ்சூடு, நல்ல சொகமா இருக்குன்னாரு. பானை காலியாவுக வரைக்கும் ஊத்தினேன்.

— மக்கா.

— தொடைக்கும்போ தோலு துணியோட வந்துது. அவரு காலப் பாக்கவே இல்ல. என் மொகத்தத்தான் பாத்துட்டிருந்தாரு. என் மொகம் மாறின பொறவுதான் அவருக்கே தெரிஞ்சுது.

— நீ என்ன கேட்ட?

— எப்ப இருந்து இப்பிடிச் சொல்லுகீங்கன்னு கேட்டேன். மொதல் நாளுல இருந்தேதான்னாரு. இல்லன்னு சொல்லும்போ ஒன் மொகத்தப் பாக்க முடியல்ல குளோரின்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல நாங்க ரெண்டு பேரும் அதப் பேசிக்கிடல்ல. புண்ணு ஆறல்ல. நாப்பத்தொரு நாளு கெடந்தாரு. ரத்தத்துல விசம் ஏறி, காய்ச்சல் வந்து போனாரு.

— ஒன் மேல குத்தமில்ல மக்கா. ஊசிக்காரன் தந்த ஆசையில்லா இது.

— அவன் ஆச தந்தான். வெந்நி ஊத்தினது இந்தக் கைதானே. இத நான் எங்க சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லல்ல. ஒங்ககிட்டச் சொல்லுகது, நீங்களும் ஒருத்தனப் பொரட்டிப் போடுக ஆளுன்னுதான். அந்த ஊசி வேண்டாம்க்கா. பிரிஜா நம்பரு தாறேன். கட்டில்ல இருந்து வண்டிக்கு மாறவும், தன்னால குளிக்கவும் அவ படிச்சுத் தருவா. ஸ்விட்ச்சும் வயரும் வண்டியில இருந்தே ரிப்பேர் பாக்கலாம்லா ஒங்க மவனுக்கு.

— பாக்கலாம். கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

— ஏன்க்கா ஒரு மாதிரி ஆயிட்டீங்க? குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?

— வேண்டாம் மக்கா. நான் ஊசி போடலாமா வேண்டாமான்னு கேக்க வரல்ல.

— பின்ன?

— போட்டு ரெண்டு மாசமாச்சு. எத்தன மாசத்துல எந்திச்சு நிப்பான்னு கேக்கத்தான் வந்தேன்.

— தாணு என்ன சொல்லுகான்?

— போன வெள்ளிக்கெழமையில இருந்து, நான் தொட்டா தெரியுதுன்னு சொல்லுகான்.