‘எங்கேயோ வைத்துவிட்டேன்’ என்னும் வாய்ப்பூட்டு

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட தலைவர் அவர்களே! பாடம் சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்தாலும் பரிவு தேயாத ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் சான்றோர்களே! பின்வரிசையில் கைப்பேசி வெளிச்சத்தில் முகம் மலர்ந்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே! கைப்பையை மடியில் வைத்து, கையைப் பைமேல் வைத்திருக்கும் தாய்மார்களே! பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, என் பேச்சு பாதி முடிவதற்குள் அதை மடிக்கு மாற்றிக்கொள்ளப் போகும் தந்தைமார்களே! இந்த நாட்டுப் பள்ளிகளில் பணியேற்க வந்து, பெட்டி பிரித்த களைப்பு இன்னும் தீராத புதிய ஆசிரியர்களே! எல்லோரையும் கைகூப்பி வரவேற்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘பணியிடத்தில் உடைமைப் பாதுகாப்பு’. இந்தத் தலைப்பை எனக்கு ஏன் தந்தார்கள்? எங்கள் பள்ளியில் எது காணாமல் போனாலும் முதலில் என்னைத்தான் அலுவலகத்துக்கு அழைப்பார்கள். இந்தத் துறையில் அனுபவசாலி என்று நம் தமிழ்ச் சங்கம் நினைத்திருக்கலாம். யார் அங்கே சிரிப்பது? தோழா, உன் இடதுகால் செருப்பு உன்னிடம்தானே இருக்கிறது? குனிந்து பார்த்துக்கொள். நல்லது.

உண்மைக் காரணம் வேறு. இந்தப் பேச்சின் நாயகர் மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். எங்கள் பள்ளியின் கணித ஆசிரியர். வீட்டில் எனக்கு அப்பா. தூணுக்குப் பின்னால் நகர வேண்டாம் அப்பா, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். உங்கள் அனுமதியோடுதான் பேசுகிறேன்.

அவையோரே! கடல் கடந்து வேலைக்கு வருகிறோம். எதற்கெல்லாம் பூட்டுப் போடுகிறோம்? பெட்டிக்குப் பூட்டு. பெட்டிக்குள் இருக்கும் பெட்டிக்குப் பூட்டு. கதவுக்குப் பூட்டு, பூட்டியபின் அதைப் பிடித்து இழுத்துப் பார்க்க ஓர் அம்மா! இவ்வளவும் வீட்டில். பள்ளியில்? அங்கே நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஆசிரியர் அறையில் ஆள் அதிகம், நாற்காலி குறைவு. ஆகவே காலையில் வந்தவுடன் பிடித்த நாற்காலியில் பையை வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். துண்டு போட்டு இடம் பிடிக்கும் பரம்பரை அல்லவா! பை இருந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். அடுத்தவர் பையை யாரும் தொடமாட்டார்கள், நகர்த்தக்கூட மாட்டார்கள். அவ்வளவு நாகரிகமான அறை.

ஆனால் ஒரு திருடனின் கண்ணால் அந்த அறையைப் பாருங்கள். நாற்காலியில் ஆள் இருந்தால் பை இல்லை. பை இருந்தால் ஆள் இல்லை! ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்வதற்காக வைத்த பை, ‘அவர் இல்லை, வாருங்கள்’ என்று விருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

சென்ற பருவத்தின் இறுதிக்கு முந்தைய நாள், அந்த விருந்துக்குப் போன பை எங்கள் அப்பாவுடையது.

அதில் என்ன இருந்தது? கைப்பேசி, பணப்பை, சாப்பாட்டு டப்பா. போனால் போகட்டும் என்பீர்கள். இவற்றுக்கு அடியில், ஓர் உறைக்குள், அப்பாவின் பட்டச் சான்றிதழும் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழும் இருந்தன. நகல் அல்ல அவையோரே, அசல்! பணி அனுமதியைப் புதுப்பிக்க அசலைக் காட்ட வேண்டும், பருவம் முடிவதற்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்துக்கு இந்த நாட்டில் வேலை இல்லை. நான் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டின் நடுவில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்ட காகிதத்தை வைத்துத்தான் அப்பா நாற்காலிக்கு இடம் பிடித்திருந்தார்.

வகுப்பு முடிந்து வந்தார். அவர் நாற்காலியில் வேறு ஒரு பை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்றவர் வேதியியல் ஆசிரியை. எங்கள் மாடி வீட்டுக்காரர், எனக்கு அத்தை. சொந்தத்தால் அல்ல, சர்க்கரை கடன் வாங்கிய உறவால்.

“டீச்சர், இங்க என் பை இருந்துச்சே?”

“பையா? நாற்காலி சும்மா இருந்துச்சு சார். அதான் என் பைய வெச்சேன். எடுத்துடவா?”

“ஐயோ, வேணாம் வேணாம். நான்தான் எங்கயோ வெச்சிட்டேன் போல.”

இந்த இடத்தில் சற்று நிறுத்துகிறேன். எங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரியும். பேனாக்களை உயர வரிசையில் நிறுத்துகிறவர். சட்டையைக் கொடியில் போட்டாலும் செங்கோணம் தவறாமல் போடுகிறவர். அவர் ஒரு பொருளை ‘எங்கேயோ’ வைத்ததாகச் சரித்திரமே இல்லை. அந்த மனிதர் நேராக அலுவலகத்துக்குப் போய் எழுத்தரிடமும் அதையே சொன்னார்: எங்கேயோ வைத்துவிட்டேன். எழுத்தர் மறுநாள் மாலை வரை காத்திருப்பதாகச் சொன்னார். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ‘கண்டெடுத்த பொருள்’ அலமாரியில் தேடும்படியும் சொன்னார். அப்பா நன்றி சொன்னார். போகவில்லை. ஏன் போகவேண்டும்? தொலைந்தால்தானே தேடுவதற்கு! போன விதம்தான் அவருக்குத் தெரியுமே.

மாலை வீட்டில் நடந்ததை வார்த்தை மாறாமல் ஒப்பிக்கிறேன்.

“எங்கயோ வெச்சிட்டீங்களா?” என்றார் அம்மா. “தலைய எங்க வெச்சீங்க, அதாவது ஞாபகம் இருக்கா?”

“தேடினா கெடைக்கும்.”

“தேடினீங்களா?”

அப்பா தண்ணீர் குடித்தார். அம்மா உள்ளே போனபின் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பா, திருடு போச்சுதானே?”

“உஷ்! அந்த வார்த்தைய சொல்லாத.”

“ஏம்பா?”

“அந்த ரூம்ல இருக்கிறவங்க எல்லாம் வாத்தியாருங்கம்மா. திருடு போச்சுன்னு சொன்னா, அதுல ஒருத்தர கைகாட்டின மாதிரி ஆயிடும். வந்த எடத்துல நமக்கு எதுக்கு வம்பு?”

“அப்ப எக்ஸாம்? ஊருக்குப் போயிடறதா?”

“பாக்கலாம்.”

கணக்கு ஆசிரியர் சொன்ன விடை அவ்வளவுதான். பார்க்கலாம்! அன்று அவர் பேனாக்களை மறுபடியும் வரிசைப்படுத்தினார். அவை ஏற்கெனவே வரிசையில்தான் இருந்தன.

நான் வேறு மாதிரி யோசித்தேன். திருடனுக்கு வேண்டியது கைப்பேசி, பணப்பை. கணிதப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? எங்கள் பள்ளியிலேயே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பலருக்குத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டும் அப்பா. ஆக, வாயிற்காவலரைத் தாண்டுவதற்குள் பையை எங்காவது கழற்றிவிட வேண்டும். எங்கே? யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில். எங்கள் பள்ளியில் யாரும் எட்டிப் பார்க்காத இடம் எது? கண்டெடுத்த பொருள் அலமாரி! ஒற்றைக் கையுறையும், மூடி இல்லாத தண்ணீர்ப் புட்டியும், உரிமை கோர வெட்கப்படும் காலுறையும் வாழும் இடம். திருட்டுப் பொருளை ஒளிக்க அதைவிட உத்தமமான இடம் உண்டா? கையும் களவுமாகப் பிடிபட்டால்கூட, ‘கீழே கிடந்தது, எடுத்து வைத்தேன்’ என்று பாராட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை மணி அடிக்குமுன் ஓடினேன். அலமாரி திறந்திருந்தது. உள்ளே தூசிகூட இல்லை.

பருவத்தின் கடைசி நாளில் அந்த அலமாரியைக் காலிசெய்து, மூட்டை கட்டி, தானத்துக்கு அனுப்பிவிடுவது பள்ளியின் வழக்கம். பின்வாசலில் வண்டி நின்றது. மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார் துப்புரவுப் பணியாளர். அவர் இந்த நாட்டுக்காரர். அவர் பேச்சை நம் பேச்சில் சொல்கிறேன்.

“அண்ணே, ஒரு நிமிஷம்! ஒரு பை தேடணும்.”

“எந்த மூட்டைன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப அந்த ஓரத்து மூட்டைய மட்டும் கேக்காத. கட்டும்போதே நாறுச்சு. என்னத்த வெச்சாங்களோ தெரியல.”

அருகில் போய் முகர்ந்து பார்த்தேன். ஒரு பகல், ஓர் இரவு மூடிக் கிடந்த சாப்பாடு. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தத் தாளிப்பு எனக்குத் தெரியும்.

“அண்ணே, அது நாத்தம் இல்ல. எங்கம்மா சமையல்.”

அம்மா, முறைக்காதீர்கள். உங்கள் சமையலால்தான் குடும்பம் பிழைத்தது என்றுதானே சொல்கிறேன்!

ஆனால் அவர் மூட்டையை அவிழ்க்கவில்லை. விதி இருக்கிறதாம். தொலைத்தவரே நேரில் வந்து, என்ன பொருள், எப்படிப் போனது என்று முதல்வர் முன்னிலையில் சொல்ல வேண்டும். ஓடினேன். வகுப்பின் நடுவில் அப்பாவை இழுத்து வந்தேன். முதல்வர் அம்மையார் வந்தார். விஷயம் பரவி, வேதியியல் அத்தை வந்தார், விளையாட்டு மாஸ்டர் வந்தார், ஆசிரியர் அறையே பின்வாசலுக்கு வந்துவிட்டது.

மூட்டை அவிழ்ந்தது. பை வந்தது. கைப்பேசி இல்லை. பணப்பை இல்லை. அடியில் உறை இருந்தது. உறைக்குள் அசல் இருந்தது. கசங்காமல், குழம்புகூடப் படாமல்.

கை தட்டாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை.

முதல்வர் கேட்டார். “எப்படித் தொலைஞ்சுது சார்? மறந்து வெச்சிட்டீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உறையை வாங்கிக்கொண்டு, அலுவலகத்தில் காட்டிவிட்டு, வழக்கம்போல் வரிசையான வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம். அப்பா பையைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவருக்கு எந்தச் சைகையும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அது கோமாளித்தனமாகத்தான் இருந்திருக்கும்.

“இல்ல மேடம்,” என்றார் அப்பா. “நான் எதையும் மறந்து வெக்கிறதில்ல. இது திருடு போச்சு. நேத்தே தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார்.

“சார்,” என்றார் வேதியியல் அத்தை. “என் மோதிரம். ஆய்வகத்துல கழட்டி வெச்சு மறந்துட்டேன்னு சொன்னேனே... அன்னிக்கு நான் அத போட்டுக்கவே இல்ல சார். பைக்குள்ளதான் இருந்துச்சு.”

“என் வாட்ச்,” என்றார் விளையாட்டு மாஸ்டர். “மைதானத்துல விழுந்துடுச்சுன்னு பசங்கள விட்டுத் தேடச் சொன்னேன். மைதானத்துக்கு நான் வாட்சே கட்டிட்டுப் போறதில்ல.”

பிறகு ஒருவர் பின் ஒருவராக. கண்ணாடிக் கூடு ஒருவருக்கு. சங்கிலி ஒருவருக்கு. எல்லோரும் எங்கேயோ வைத்தவர்கள்! எல்லோரும் பக்கத்து நாற்காலியைச் சந்தேகித்து, பக்கத்து நாற்காலிக்கு வலிக்கக்கூடாதென்று பொய் சொன்னவர்கள்! மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக்கொடுத்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டவர்கள்.

எந்தெந்த நாள் என்று பேசிப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே விருந்தாளி வந்துபோன நாள்கள். டை கட்டி, புன்னகை பூசி, நகல் எடுக்கும் இயந்திரம் விற்க வரும் பிரதிநிதி. நகல் விற்க வந்தவர் அசலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்! அவருக்கு உட்கார இடம் தந்தது யார்? நாம். காத்திருக்கத் தேநீர் தந்தது யார்? நாம். முதல்வர் காவல்துறைக்குச் சொன்னார். அடுத்த பருவம் அவர் வந்தபோது வாயிலில் காத்திருந்தது தேநீர் அல்ல. மோதிரம் திரும்பவில்லை. கடிகாரம் திரும்பியது, நின்றுபோய். மற்றவை வழக்கில் இருக்கின்றன. அதற்குமேல் பேச எனக்கு வயதில்லை, தலைவருக்குப் பொறுமையில்லை.

புதிய ஆசிரியர்களே! அசலை வீட்டில் வையுங்கள், நகலைப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள். அலமாரி கேளுங்கள், பூட்டோடு கேளுங்கள். இடம் பிடிக்க ஒரு பழைய நாளிதழ் போதும். இதையெல்லாம் வேறு யாராவது இன்னும் அழகாகச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்.

அந்த அறையில் திருடனைக் காப்பாற்றியது எது? இருட்டா? இல்லை, பட்டப்பகல். தந்திரமா? இல்லை, ஒரு டை. திருடனைக் காப்பாற்றியது நம் பண்பு! நம் கூச்சம்! வந்த இடத்தில் வம்பு எதற்கு என்னும் நம் வாய்ப்பூட்டு! வீட்டுக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு என்று வாங்கிய நாம், மிச்சமிருந்த ஒன்றை நம் வாயில் மாட்டிக்கொண்டோம். ஒருவர் மாட்டினால் ஒரு பொருள் போகும். எல்லோரும் மாட்டினால் எல்லோர் பொருளும் போகும். பொருளோடு, பக்கத்தில் இருப்பவர்மேல் வைத்த நம்பிக்கையும் போகும். போன மோதிரத்துக்கு மாற்று வாங்கலாம். மூன்று மாதம் ஓரக்கண்ணால் பார்த்த தோழிக்கு மாற்று எங்கே வாங்குவீர்கள்? ஆகவே சொல்லுங்கள்! திருடு போனால் திருடு போனது என்று சொல்லுங்கள்! யார் எடுத்தார் என்று சொல்ல வேண்டாம், போனது என்று சொல்லுங்கள்! அன்றே சொல்லுங்கள், அங்கேயே சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்!

என்னம்மா? அங்கே, கதவுக்கருகில், நீலப் புடவை... ஆமாம், நீங்கள்தான். ஏதோ சொன்னீர்களே?

சத்தமாகச் சொல்லுங்கள். இங்கே யாரும் கடிக்க மாட்டார்கள்.

“என் பர்ஸ்... வந்த வாரமே. பஸ்ல விட்டுட்டேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பஸ்ல இல்லம்மா. ஸ்கூல்லதான்.”

கேட்டீர்களா அவையோரே? அந்த அம்மாவின் பள்ளியில் வேலை செய்பவர்கள் இந்த அரங்கில் யார் யார்? கை தூக்குங்கள். தயங்காதீர்கள். ஒன்று... அங்கே இன்னொன்று. அதோ, சன்னலுக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று. நன்று. அவர் அருகில் போய் உட்காருங்கள்.

தலைவர் அவர்களே, எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. வாய்ப்பளித்த சங்கத்துக்கும், பொறுத்துக்கொண்ட அவைக்கும் நன்றி. அம்மா, இந்த ஒலிவாங்கியைப் பிடியுங்கள். முதலிலிருந்து சொல்லுங்கள், எல்லோரும் கேட்கிறோம். வணக்கம்.