மாடிப்படித் தாளம்

உங்கள் செல்போன் அடிக்கிறது, எடுத்துப் பேசுங்கள் ஐயா. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அந்த ரிங்டோனைப் பற்றித்தானே பேசப் போகிறோம். தட், தட், ததட், தட். முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு கொலைப்படத்தின் சத்தம் அது. படத்தையே பார்க்காத பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள். ராப் பாடுகிறவர்கள் அதன்மேல் பாடுகிறார்கள். சலூனில் அந்த வில்லனின் கிருதாவைக் கேட்டு வாங்குகிறார்கள். என் தங்கை வெங்காயம் நறுக்குவதுகூட அந்தத் தாளத்தில்தான்.

அதைப் பதிவு செய்தவன் நான். கூட வேலை பார்த்தவர் தங்கையின் கணவர். படத்தில் வரும் கதவு, செருப்பு, கன்னத்தில் விழும் அறை எல்லாவற்றுக்கும் சத்தம் உண்டாக்குவது எங்கள் பிழைப்பு. மாப்பிள்ளை தங்கமான மனிதர், வாய்தான் ஓயாது. எங்கள் தொழிலிலோ டேப் ஓடும்போது யாரும் அசையக் கூடாது. சத்தம் முடிந்த பிறகும் ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். அந்த அறையின் அமைதியும் படத்துக்குத் தேவைப்படும்.

கதையில் ஒருவனை மாடிப்படியில் உருட்டிக் கொல்கிறார்கள். ஸ்டுடியோவின் மரப்படியில் மணல் மூட்டையை மூன்று நாள் உருட்டினோம். பதினெட்டு டேக். டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது மூட்டை விழுற சத்தம். எனக்கு ஆள் விழுற சத்தம் வேணும். நாளைக்குள்ள வரலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

பத்து வருடம் காத்திருந்து கிடைத்த முதல் பெரிய படம் ஐயா.

மறுநாள் காலை மாப்பிள்ளை மூட்டையோடு மேலே வந்தார். மெஷினும் நானும் மேல்படியில் இருந்தோம். "பேசாம நானே விழுந்துடவா மச்சான்?" என்று சிரித்தார். கால் இடறி விழுந்துவிட்டார், டேப் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் அன்று எல்லோரிடமும் சொன்னேன். கீழே கிடந்தபடி "மச்சான்" என்று ஒருமுறை கூப்பிட்டார். நான் அசையவில்லை. அந்த ஒரு நிமிடத்தையும் முழுதாக எடுத்துவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். அவர் வருவதற்குள் மாப்பிள்ளை போய்விட்டார்.

தங்கையையும் கைக்குழந்தையையும் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டேன். அந்தக் குழந்தைதான் இன்று மியூசிக் டைரக்டர். போன வாரம் அந்தத் தாளத்தைப் புதுப் பாட்டில் சேர்க்க அசல் டேப்பைக் கேட்டான்.

"அப்பா குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது மாமா. அதுல அவர் தும்முனது இருந்தாலும் போதும்."

இதற்கு மேல் எப்படி இல்லை என்பது? கொடுத்தேன். 'மச்சான்' என்ற குரல் அதில் இருப்பது எனக்குத் தெரியும். விழுந்தவர் கூப்பிடுவது இயல்புதானே. நான் மறந்துபோனது வேறொன்றை. எந்தச் சத்தம் எடுத்தாலும், அது என்ன, எத்தனையாவது டேக் என்று முதலில் மைக்கில் சொல்வோம். பல் துலக்குவது மாதிரி, யோசிக்காமல் வாய் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்கு டேப்பைக் கொண்டுவந்தான். கண் சிவந்திருந்தது.

"பதினெட்டு வரைக்கும் மூட்டைன்னுதான் மாமா சொல்றீங்க," என்றான். "அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

போட்டுக் காட்டினான். துளிக்கூட நடுங்காத என் குரல் கேட்டது.

"ஆள் விழுதல். டேக் ஒன்று."

தங்கையின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. டேப் தீரும்வரை மூவரும் அசையவில்லை.

ஆமாம், தள்ளியது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் ஈரமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் கூடப் பிறந்தவளின் புருஷன் ஐயா. டேக் இரண்டு வேண்டியிருந்தால் நிச்சயம் மூட்டையைத்தான் தள்ளியிருப்பேன்.